படை கடல் தாண்டுவது யாருக்காக?

ஜூன் 2, குன்னூர் வாசகர் ஒருவரின் கேள்வி

ஒரு நாடு தன் படையை இன்னொரு நாட்டுக்குள் அனுப்பும்போது சொல்லும் காரணம் எதையும் நான் நம்புவதில்லை. அடுத்தவர் கண்ணீரைத் துடைப்பதற்காக எந்தப் படையும் எல்லை தாண்டியதில்லை. எண்ணெய், துறைமுகம், சந்தை, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். கூட்டணி ஒப்பந்தங்களும் அப்படியே. இல்லை என்பவர்கள் ஒரே ஒரு எடுத்துக்காட்டைக் காட்டட்டும்.

ஜூன் 2, இரவு

கேள்வியில் பாதியை உடனே ஒப்புக்கொள்கிறேன். 1956 அக்டோபரில் பிரிட்டன், பிரான்சு, இஸ்ரேல் ஆகிய மூன்றும் பாரிசுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் இரகசியமாகக் கூடின. இஸ்ரேல் முதலில் எகிப்தைத் தாக்குவது, பிறகு சண்டையை விலக்கிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு மற்ற இருவரும் சூயஸ் கால்வாய்ப் பகுதியில் இறங்குவது என்று எழுதிக் கையெழுத்தும் இட்டன. 2003 பிப்ரவரியில் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக ஐ.நா. பாதுகாப்பு அவையில் படம் காட்டி விளக்கினார் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல். படையெடுப்புக்குப் பிறகு அமெரிக்காவே அமைத்த ஆய்வுக் குழு, அத்தகைய இருப்பு எதுவும் அங்கே இல்லை என்று 2004 இல் அறிக்கை தந்தது.

ஆனால் ‘எந்தப் படையும்’ என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. 1971 இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். டிசம்பரில் போர் இரண்டே வாரத்தில் முடிந்தது. அடுத்த மார்ச் மாதத்தில் இந்தியப் படை டாக்காவில் விடைபெறும் அணிவகுப்பு நடத்திவிட்டுத் திரும்பியது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜூன் 3

பாகிஸ்தானை உடைப்பதுதான் உண்மையான நோக்கம், அகதிகள் வெறும் சாக்கு என்று குன்னூர் நண்பர் பதில் எழுதியிருக்கிறார். பாகிஸ்தான் உடைவது டெல்லிக்கு உவப்பான செய்தியாக இருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நோக்கங்கள் ஒரே முடிவில் சேர்ந்திருக்கக் கூடாதா? ஒருவர் பசித்தவருக்குச் சோறு போடும்போது ஊரார் பாராட்டையும் எதிர்பார்க்கலாம். அதனால் இலையில் விழுந்த சோறு பொய்யாகிவிடாது.

அன்றைய தரைப்படைத் தளபதியும் உங்கள் ஊர்க்காரருமான மானெக்‌ஷாவையே எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் வாழ்ந்து, 2008 இல் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் இறந்து, உதகையின் பார்சி இடுகாட்டில் அடக்கமானவர். பிற்காலத்தில் அவர் சொன்னபடி, 1971 ஏப்ரலிலேயே படையை அனுப்ப முடியுமா என்று கேட்ட பிரதமர் இந்திரா காந்தியிடம் அவர் அவகாசம் கேட்டார். மழைக்காலத்தில் கிழக்கு வங்காளத்து ஆறுகள் கடலாகிவிடும். குளிர்காலம் வந்தால் இமயக் கணவாய்களைப் பனி மூடிவிடும், சீனா உள்ளே வர முடியாது. படை புறப்படும் நாளை முடிவு செய்தவை மழையும் பனியும்தான். இதைப் படிக்கும்போதெல்லாம், அந்த எட்டு மாதங்களில் கொல்லப்பட்டவர்களை நினைத்து எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதே வேளையில், ஏப்ரலில் போய்ச் சேற்றில் சிக்கிய படையால் ஒருவரையும் காப்பாற்றியிருக்க முடியாது என்றும் தோன்றுகிறது.

ஜூன் 5

நோக்கத்தைப் பற்றி நான் இவ்வளவு அக்கறையோடு எழுதுவதற்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. நான் இரண்டு அரசுகளின் நட்பினால் இந்த மலைக்கு வந்தவன்.

என் தந்தை இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையும் அங்கேயே பிறந்தவர். 1948 இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேரு காலத்து இந்தியாவின் நிலைப்பாடு. 1964 மே மாதத்தில் நேரு மறைந்தார். அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. ஐந்தே மாதத்தில் டெல்லியின் மனம் மாறியது எதனால்? 1962 இல் சீனாவிடம் அடி வாங்கிய டெல்லிக்குப் பக்கத்து நாட்டின் நல்லெண்ணம் தேவைப்பட்டது. கொழும்புக்கோ மலையகத்தில் தமிழ் வாக்குகள் குறைய வேண்டியிருந்தது. கொழுந்து பறித்தவர்களில் ஒருவரையும் கூப்பிட்டு உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டுவிட்டு அந்த எண்ணிக்கை போடப்படவில்லை.

எங்களுக்கு 1972 இல் முறை வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, எங்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு. தந்தையைப் பெற்ற ஆத்தா யாருடைய அட்டையில் இருக்கிறாளோ அந்த நாட்டுக்குத்தான் போக முடியும். அவள் பெரியப்பாவோடு நின்றுவிட்டாள். ஹட்டன் நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிச் சென்ற வண்டியை மலையக மக்கள் அழுகைக் கோச்சி என்றே அழைத்தார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பல், மண்டபம் முகாம், பிறகு இந்தப் பந்தலூர்ச் சரிவில் தாயகம் திரும்பியோருக்கென்று அரசு வளர்த்த தேயிலைத் தோட்டத்தில் வேலை. தாயகம் என்று சொல்லப்பட்ட இந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த பெயர் சிலோன்காரர்.

அந்தக் கடவுச்சீட்டு இப்போதும் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. ஒரே புகைப்படத்தில் ஐந்து பேர். தங்கை அசைந்துவிட்டதால் அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல். கீழே தந்தையின் பெருவிரல் ரேகை, ஊதா மை. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் மைப்பெட்டியைத்தான் நீட்டினார்கள்.

ஆகவே குன்னூர் நண்பரே, நோக்கம் தூய்மையானதா என்ற கேள்வியை விட எனக்கு முக்கியமானது வேறு. யாருடைய பெயரால் தாள் எழுதப்படுகிறதோ, அவர் அந்த மேசையருகே இருந்தாரா?

ஜூன் 5, சற்றுப் பின்

மேலே ஒரு குறை விட்டுவிட்டேன். 1964 இல் கணக்கிடப்பட்டவர்கள் 9,75,000 பேர். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். 1974 இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அவர்களை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பத்தாண்டு கழித்தும் கேட்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டியேகோ கார்சியாவையும் நினைத்துக்கொள்கிறேன். 1966 இல் அந்தத் தீவை அமெரிக்காவின் படைத்தளத்துக்குத் தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது. ஈடாகப் போலாரிஸ் ஏவுகணை விலையில் சலுகை கிடைத்தது. 1968 முதல் 1973 வரையிலான ஆண்டுகளில் அந்தத் தீவுக்கூட்டத்து மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். நாங்கள் கோச்சி ஏறிய அதே காலம்.

ஜூன் 8

1987 பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. நேற்று அருவங்காட்டில் என் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். இராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். இந்திய அமைதி காக்கும் படையில் யாழ்ப்பாணம் போனபோது நாயக். தமிழ் தெரிந்தவர் என்பதால் அதிகாரிகளுக்கு மொழிபெயர்க்கவும் அவரையே அழைத்துப் போவார்கள்.

முதலில் ஒப்பந்தம். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் வடக்கு கிழக்கு இணைப்பு இருந்தது, மாகாண சபை இருந்தது, தமிழும் ஆட்சிமொழி என்ற உறுதி இருந்தது. இவை தமிழர்களுக்காக. ஆனால் அன்றே இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் இருக்கின்றன. திருகோணமலையையோ வேறு எந்தத் துறைமுகத்தையோ இந்திய நலனுக்கு ஊறு செய்யும் வகையில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் இலங்கை விடாது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்கும். அயல்நாட்டு வானொலி நிலையங்களுடனான ஏற்பாடுகள் மறுபரிசீலனை செய்யப்படும். குன்னூர் நண்பர் சொன்ன மூன்றில் எண்ணெயும் துறைமுகமும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. இதில் அவர் சொன்னது முற்றிலும் சரி, என் முதல் குறிப்பின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன. ஆயுதம் ஏந்தியிருந்தவர்களோ, அந்த மண்ணில் குடியிருந்தவர்களோ கையெழுத்திடவில்லை. 1964 இல் எங்களுக்கு நடந்ததேதான் இங்கும் நடந்தது. இம்முறை கூடவே படையும் போயிற்று. அக்டோபரில், காக்கப் போன படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பொதுமக்கள் பலர் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள்.

சம்பந்தி அதிகம் பேசுபவர் அல்லர். கையில் தேநீர் டம்ளரை வைத்துக்கொண்டு அதன் விளிம்பை விரலால் தேய்த்தபடியே ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு சாலையில் ரோந்து போயிருக்கிறார்கள். ஒரு வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த வீட்டு முதியவள் இவர் தமிழைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, “தம்பி, நீங்கள் ஆருக்காக வந்தனீங்கள்?” என்று கேட்டாளாம். இவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மழையில் வெளியே நின்ற கன்றைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

ஜூன் 9

இங்கே தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது, மின்சாரம் இல்லை. சுருக்கமாக ஒன்று. மாலத்தீவில் 1988 நவம்பரில் என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதிபர் கயூம் உதவி கேட்ட அன்றே ஆக்ராவிலிருந்து இந்திய வான்குடைப் படை புறப்பட்டது, ஆட்சிக் கவிழ்ப்பு முறியடிக்கப்பட்டது. அழைத்ததால் போனார்கள், வேலை முடிந்ததும் பெரும்பகுதியினர் திரும்பினார்கள்.

ஆனால் அழைப்பு என்ற சொல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். 1979 டிசம்பரில் அழைப்பின் பேரிலேயே ஆப்கானிஸ்தானுக்குள் வந்ததாகச் சோவியத் ஒன்றியம் சொன்னது. அப்போது ஆட்சியில் இருந்த ஹபீசுல்லா அமீனை டிசம்பர் 27 அன்று அவருடைய மாளிகையிலேயே சோவியத் படை கொன்றது.

ஜூன் 12

கோத்தகிரியில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் நண்பர், கூட்டணி ஒப்பந்தத்தால் சாதாரண மனிதனுக்கு என்ன வந்தது என்று கேட்கிறார். அவர் தோட்டத்துக்கே வந்ததைச் சொல்கிறேன். 1971 ஆகஸ்ட் 9 அன்று இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் ஒன்பதாம் பிரிவு, ஒரு நாடு தாக்கப்பட்டாலோ தாக்கப்படும் அச்சம் எழுந்தாலோ இரு நாடுகளும் உடனே கலந்து பேசும் என்கிறது. படை அனுப்புவோம் என்று எங்கும் சொல்லவில்லை. அந்த உறவின் ஒரு பகுதிதான் ரூபாயில் கணக்குத் தீர்க்கும் வணிகம். நம் மலைத் தேயிலையை அவர்கள் பெருமளவில் வாங்கினார்கள். குன்னூர் ஏலத்துக்குச் சரக்கு போனால் விற்றுவிடும் என்ற நம்பிக்கையில்தான் எத்தனையோ பேர் உருளைக்கிழங்கு நிலத்தைத் தேயிலையாக்கினார்கள்.

1991 இல் அந்த நாடே இல்லாமல் போனது. தொண்ணூறுகளின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், உறுதியான ஒரு பெரிய வாடிக்கையாளர் மறைந்தது முதன்மையான காரணங்களில் ஒன்று. பறிகூலிக்கும் கட்டாது என்று ஒருவர் சாக்குச் சாக்காகக் கொழுந்தை ஓடைக் கரையில் கொட்டியதை நான் பார்த்தேன். மூன்றாம் நாள் அது புளித்த வாடையோடு கறுத்துக் கிடந்தது.

பிரிவுகளின் சொற்களைப் பற்றி எழுதுவதால் இதையும் சேர்க்கிறேன். நேட்டோவின் ஐந்தாம் பிரிவு, ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்று தொடங்குகிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் தான் தேவையென்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றே முடிகிறது. 1954 இல் தென்கிழக்கு ஆசியாவுக்கென்று அமெரிக்கா முன்னின்று அமைத்த சீட்டோ கூட்டணியில் சேர்ந்த பாகிஸ்தான் அது இந்தியாவுக்கு எதிராகவும் உதவும் என்று நம்பியது. கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்புக்கு மட்டுமே தன் கடமை என்று அமெரிக்கா அப்போதே தனிக்குறிப்பு எழுதி வைத்திருந்தது.

ஜூன் 13

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது, கூட்டணி என்பதை ஏதோ இருபதாம் நூற்றாண்டுப் பொருள் போல எழுதிவிட்டேன் என்று தோன்றியது. வெலிங்டன் என்ற பெயரையே பாருங்கள். படகர்களின் ஜெகதளா ஊர்ப் பகுதியில் அமைந்த பாசறைக்கு வெலிங்டன் கோமகனின் பெயரை வைத்தார்கள். அந்த ஆர்தர் வெல்லெஸ்லியின் அண்ணன்தான் 1798 முதல் துணைப்படைத் திட்டத்தைப் பரப்பிய தலைமை ஆளுநர். உங்களைக் காக்கக் கும்பினிப் படையை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை, உங்கள் நாட்டில் நிறுத்துகிறோம், செலவை நீங்கள் கொடுங்கள் என்பது அதன் சாரம். ஹைதராபாத் நிஜாம் முதலில் ஒப்புக்கொண்டார். மைசூர்ப் போர்களில் தம் பங்காகக் கிடைத்த கடப்பை, பெல்லாரி முதலிய பகுதிகளை 1800 இல் அந்தப் படைச் செலவுக்காகக் கும்பினியிடமே ஒப்படைத்தார். தஞ்சை மன்னர் சரபோஜிக்கு 1799 உடன்படிக்கைக்குப் பிறகு கோட்டையும் சுற்றுப்புறமும் உதவித்தொகையும்தான் மிஞ்சின. அதே ஆண்டில் திப்பு வீழ்ந்ததும் கோயம்புத்தூர்ச் சீமையோடு நீலகிரி மேட்டுநிலமும் கும்பினியிடம் போயிற்று. இங்கிருந்த தோடரும் கோத்தரும் படகரும் எந்தப் போரிலும் தோற்கவில்லை. தங்கள் மலை கைமாறிய செய்தியை எப்போது அறிந்தார்களோ.

இன்று அதே வெலிங்டனில் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இருக்கிறது. நட்பு நாடுகளின் அதிகாரிகள் ஆண்டுதோறும் வந்து படிக்கிறார்கள். 2013 இல் இலங்கை அதிகாரிகள் அங்கே பயிற்சி பெறுவதை எதிர்த்துத் தமிழ்நாட்டில் பெரும் குரல் எழுந்தது. நானும் எதிர்த்தவன்.

ஜூன் 17

இதை எழுத நான்கு நாள் தயங்கினேன். நோக்கத்தைத் துருவித் துருவிப் பார்க்கும் நான், 2009 ஏப்ரலில் கூடலூர்ப் பேருந்து நிலையத்தருகே மனிதச் சங்கிலியில் நின்றேன். என் கையில் இருந்த அட்டையில் ‘இந்தியாவே தலையிடு’ என்று எழுதியிருந்தது. முள்ளிவாய்க்காலை நோக்கி மக்கள் துரத்தப்பட்டுக்கொண்டிருந்த வாரங்கள் அவை. அன்று யாராவது வந்து, துறைமுகத்துக்காகத்தான் படை போகிறது, சம்மதமா என்று கேட்டிருந்தால், சம்மதம், இன்றிரவே போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். 1994 இல் ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் அளவுக்குக் கொல்லப்பட்டபோது, அங்கிருந்த ஐ.நா. படையைச் சில நூறு பேராகக் குறைத்தார்கள். அந்த மலைகளில் எண்ணெயும் இல்லை, துறைமுகமும் இல்லை. கொலைகள் உச்சத்தில் இருந்த வாரங்களில் அவர்களைக் காக்க யாரும் வரவில்லை.

எனவே தன்னல நோக்கம் இருந்தாலே தலையீடு தவறு என்று குன்னூர் நண்பர் சொல்வாரானால் அதை என்னால் ஏற்க இயலாது. மேசையருகே இருந்தாரா என்று ஜூன் 5 அன்று நான் எழுப்பிய கேள்வியும் முழுமையானது அன்று. பதுங்குகுழிக்குள் கிடப்பவரிடம் மேசை போட்டுக் கேட்கும் நேரம் எது? இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கைவிட எனக்கு மனமில்லை. உயிரைக் காப்பதற்காக உடனே போகலாம். ஆனால் போன பிறகு அந்த மண்ணின் எல்லையையும் ஆட்சியையும் துறைமுகத்தையும் பற்றித் தாள் எழுதும் வேளையில், அங்கே குடியிருப்பவரைக் கேட்க நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1987 இல் நேரம் இருந்தது. 1964 இல் நிரம்ப இருந்தது.

ஜூன் 18

குன்னூர் நண்பர் இரண்டே வரி எழுதியிருக்கிறார். தம் மாமா ஒருவர் 1987 இல் இறந்ததாகவும், எதற்காக என்று அவர் மனைவிக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை என்றும். இதுவரை நான் அவரை வெறும் வாதக்காரராக நினைத்து எழுதிய இடங்களுக்கு வருந்துகிறேன்.

ஜூன் 22

ஜூன் 8 குறிப்பில் ஒரு திருத்தம். என் மகள் அதை மாமனாருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். இன்று காலை சம்பந்தியே தொலைபேசியில் அழைத்தார்.

“சம்பந்தி, மாசத்தைத் தப்பா எழுதிட்டீங்க. ஆகஸ்டுல அந்தம்மா ஒண்ணும் கேக்கல. எங்களைப் பாத்ததும் ஓடிவந்து இளநி வெட்டிக் குடுத்தாங்க. கேட்டது நவம்பர்ல.”

நவம்பரில் அதே சாலையில் மறுபடியும் போயிருக்கிறார்கள். வேலி எரிந்து, வீட்டின் ஒரு பக்கச் சுவர் விழுந்திருந்தது. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் அவள் கேட்டிருக்கிறாள். இவர், தெரியவில்லை அம்மா என்றாராம். அவள் வேறொன்றும் பேசவில்லை. வாளியைக் கிணற்றில் இறக்கி, தண்ணீர் இழுத்து, இவர் குனிந்து நீட்டிய கைகளில் ஊற்றியிருக்கிறாள்.